எந்த ஈயம்

ஜூன் 10, திங்கள்

முகையின் ரத்தத்தில் ஈயம். பதினான்கு.

எழுதிப் பார்த்தால் உறைக்கும் என்றுதான் எழுதினேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சுவது இந்த நேரம் மட்டும்தான்.

நறுமுகைக்கு ஒன்றேகால் வயது. இரண்டு மாதமாகச் சோற்றைத் துப்புகிறாள். மலம் கல்லாகப் போகிறது. நாளெல்லாம் சிணுங்கல். உதடு வெளுத்திருக்கிறது. ரத்தசோகையாக இருக்கும் என்று டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஈயத்தையும் சேர்த்து எழுதியிருந்தார். இன்று முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டுமாம். மூளை வளர்கிற வயது என்றார். இந்த அளவுக்கு மருந்து கிடையாது, இரும்புச்சத்துச் சொட்டு கொடுக்கலாம், எந்த வழியாக உள்ளே போகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

"ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப எடுப்போம். இறங்கியிருக்கணும்" என்றார்.

சுவரில் பெயின்ட் உரிகிறதா, பேட்டரி வேலை செய்பவர் யாராவது இருக்கிறார்களா, கண்ணுக்கு மை தீட்டுகிறீர்களா, நாட்டு மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை.

வாசற்படி ஏறும்போதே இவர் தன் அம்மாவிடம், "ரத்தத்துல ஈயம் ஏறியிருக்காம்மா" என்று சொல்லிவிட்டார். அத்தை குழந்தையைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன்.

இந்த வீட்டில் பெயரிலேயே ஈயத்தை வைத்திருக்கும் சாமான் ஒன்றுதான் இருக்கிறது. அத்தையின் ஈயச்சொம்பு.

ஜூன் 11, செவ்வாய்

அத்தை அகிலாண்டத்துக்கு அந்தச் சொம்பு கல்யாணச் சீராக வந்தது. ரசம் என்றால் அதில்தான் வைப்பார். எவர்சில்வரில் வைத்தால் வாசனை வராது என்பார். முகைக்குச் சோறு ஊட்டத் தொடங்கிய நாள் முதல் பருப்பு ரசம் பிசைந்துதான் ஊட்டுகிறோம்.

காலையில் சொன்னேன். அடுத்த டெஸ்ட் முடிகிறவரை அதில் ரசம் வேண்டாம் அத்தை என்று, பணிவாகத்தான்.

"அது வெள்ளீயம். டாக்டர் சொல்றது காரீயம். எம்.எஸ்ஸி. படிச்சவளுக்கு இது கூடவா தெரியாது?"

தெரியும். ஒன்று டின், ஒன்று லெட். தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வார்க்கிறவன் இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, காரீயம் மலிவு, கலந்து விற்பதும் உண்டு என்றேன்.

"இத்தனை வருஷம் இதுல குடிச்ச உன் புருஷன் என்ன கிறுக்குப் பிடிச்சா அலையிறான்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

பிறகு வழக்கம்போல என் ஊரைப் பிடித்துக்கொண்டார். ஈரோட்டுக்காரிக்கு ரசம் என்றால் மஞ்சத் தண்ணி, அவளுக்குச் சொம்பின் அருமை எப்படித் தெரியும் என்று, காய்கறிக்காரம்மாவிடம், எனக்குக் கேட்கும்படி.

மத்தியானம் ரசம் வந்தது. சொம்பில்தான். இவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்தார்.

அம்மாவிடம் ஃபோனில் அழுதேன். "அந்தச் சொம்பத் தூக்கிக் கெணத்துல வீசு கண்ணு. என்ற பேத்தியக் கொல்லப் பாக்குறாளா அவ" என்றது. பேசி முடித்ததும் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

ஜூன் 13, வியாழன்

ரெஜினாவைப் பார்க்கக் கல்லூரிக்குப் போனேன். நானும் அவளும் ஒரே லேபில் எம்.ஃபில். செய்தவர்கள். அவள் பிஎச்.டி.க்குப் போனாள். நான் முகையைப் பெறப் போனேன்.

என் சேர்மம் இன்னும் அங்கே இருக்கிறது. சின்ன பாட்டிலில் என் கையெழுத்து: ஐஜே-4. இந்துஜா என்பதிலிருந்து எடுத்தது. அதைத் தடவிய தாள் துண்டுகள் ஒரு கவர் நிறையக் கொடுத்தாள்.

ஐஜே-4 ஒரு ஷிஃப் பேஸ். அதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஆல்டிஹைடு ஒன்றையும் அமீன் ஒன்றையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால், கொஞ்சம் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு இரண்டும் கைகோத்துக்கொள்ளும். அந்தக் கோப்பில் ஒரு இடுக்கு இருக்கும். அதற்குத் தோதான உலோகம் வந்து உட்கார்ந்தால் நிறம் மாறும். என்னுடையது வெளிர்மஞ்சள். காரீயம் பட்டால் செங்கல் நிறம். ஒரே ஒரு பலவீனம், புளிப்பு ஆகாது. புளிப்பும் தண்ணீரும் சேர்ந்தால் கோத்த கை விட்டுப் போய்விடும். இதைச் சொன்னபோது ரெஜினா, "உங்க வீடு மாதிரின்னு சொல்லு" என்றாள். சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து.

"சோடா உப்பு போட்டு நியூட்ரல் பண்ணிக்கோ. ப்ளாங்க் மறந்துடாத" என்றாள். ப்ளாங்க் என்பது எதுவுமே கலக்காத ஒரு சோதனை. ஒப்பிட்டுப் பார்க்க. முதல் வருஷப் பிள்ளைகளுக்கே நாங்கள் சொல்லிக் கொடுப்பது. எனக்கே சொல்கிறாள்.

ஜூன் 16, ஞாயிறு

அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் செய்தேன்.

முதலில் நேற்றைய ரசத்தில் தாளை நனைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. ரசத்தின் மஞ்சள் தாளில் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. மஞ்சள்தூள் இருக்கிறவரை இந்தத் தாளை வைத்து ஒன்றும் பார்க்க முடியாது. அதனால் மஞ்சளை மட்டும் விட்டுவிட்டு, புளித்தண்ணீரைச் சொம்பில் ஊற்றி நன்றாகக் கொதிக்கவிட்டேன். ஆறவைத்து, நுரை அடங்கும்வரை சோடா உப்பு போட்டு, புதுத் தாளை நனைத்தேன்.

நிறம் மாறியது. அப்பட்டமான செங்கல் நிறம் என்று சொல்ல மாட்டேன். ஆரஞ்சு. ஓரத்தில் நன்றாகவே தெரிந்தது.

அதற்குள் முகை எழுந்துவிட்டாள். ப்ளாங்க் போட நேரமில்லை.

இவரிடம் காட்டினேன். "செவப்பு தெரியுதா?"

"லைட்டா தெரியுது" என்றார்.

"லைட்டான்னா? குழந்தை ரத்தத்துல லைட்டாவா இருக்கு?"

அத்தை வந்ததும் தாளைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே காட்டினேன். வாங்கிப் பார்த்தார். "இந்தக் காயிதத்த செஞ்சது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்ப நீ சொன்னதைத்தான் அது சொல்லும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

இப்படிப்பட்ட மனுஷியோடு ஒரே கூரையின் கீழே என் குழந்தை வளர வேண்டும்.

ஜூன் 17, திங்கள்

ரெஜினா கேட்டாள், ப்ளாங்க் போட்டாயா என்று. போட்டேன் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

காலையிலிருந்தே வேலை. கேஸ் வந்தது. தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தது. அத்தை வத்தல் பிழிய மாவைக் கிளறி எடுத்துக்கொண்டு, முகையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். வெயிலில் குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள் என்றேன். கீழே இருந்தால் உன் கை வேலை ஓடாது என்றார். துணி துவைத்தேன். கீரை ஆய்ந்தேன்.

ரசம் வைக்கலாம் என்று சொம்பை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தேன். புளி கரைப்பதற்குள் பாப்பா அழுதாள். போட்டது போட்டபடி ஓடினேன். திரும்பி வந்தபோது சொம்பின் அடி உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் தீயில் வைத்தால் ஈயச்சொம்பு உருகிவிடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வந்த புதிதிலேயே அத்தை சொல்லியிருக்கிறார், எல்லா வீட்டிலும் சொல்வதுதான். மறதி. வெள்ளியைப் போல வழிந்து, பர்னரின் ஓட்டைகளில் இறங்கி, கீழே தட்டில் முத்து முத்தாக உறைந்து கிடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அத்தை இறங்கி வந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கரண்டியால் பெரிய கட்டியைத் தள்ளி, ஈரத்துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான்.

இவர் சாயங்காலம் வந்து, "தெரியாம நடந்ததுதானே?" என்று கேட்டார். இதென்ன கேள்வி.

பர்னரில் ஒட்டியிருந்த துளிகளைச் சுரண்டி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ரெஜினாவிடம் கொடுத்துச் சோதித்தால் அதன்பிறகு யாரும் வாய் திறக்க முடியாது.

ஜூன் 21, வெள்ளி

அத்தை மண்ணச்சநல்லூருக்குப் போய்விட்டார், என் நாத்தனார் வீட்டுக்கு. இவர் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, பஸ் இருக்கிறது என்றாராம். ஒரு பையில் துணி, இன்னொரு பையில் அந்தக் கட்டி. கிளம்பும்போது முகையின் தலையை முகர்ந்து பார்த்தார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூன் 24, திங்கள்

வீடு அமைதியாக இருக்கிறது. ரெஜினாவிடம் அந்த டப்பாவைக் கொண்டுபோக வேண்டும். அவசரம் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

அம்மாவின் பார்சல். ராகி மாவு, பாசிப்பயறு மாவு, புது மஞ்சள்தூள் இரண்டு பாட்டில். முகை பிறந்ததிலிருந்து அம்மா அனுப்பும் மஞ்சள்தான். அத்தை இருந்தவரை ரசத்தில் ஒரு சிட்டிகை போடுவதற்கே மூக்கைச் சுளிப்பார். குளிப்பாட்டும்போதும் பூச விடமாட்டார், தோல் எரியும் என்பார். இப்போது யாரைக் கேட்க வேண்டும். ஈயம் ஏறிய உடம்பு, மஞ்சள் நஞ்சை முறிக்கும் என்றது அம்மா. பருப்பில், கஞ்சியில், பாலில் போடுகிறேன். பயறு மாவில் குழைத்துத் தலை முதல் கால் வரை பூசிக் குளிப்பாட்டுகிறேன். குழந்தை தங்க விக்கிரகம் போல இருக்கிறாள். குளிப்பாட்டும் துண்டின் முனையைச் சப்பியபடியேதான் தூங்குகிறாள்.

அந்தத் துண்டில் ஏறிய மஞ்சள் எத்தனை துவைத்துக் காயப்போட்டாலும் போகவில்லை. எங்கள் ஊர் மஞ்சள் என்றால் சும்மாவா.

ஜூலை 6, சனி

மலம் இன்னும் கல்லாகத்தான் போகிறது. உடனே மாறிவிடுமா என்ன. உடம்பில் ஏறியது இறங்க நாளாகும்.

அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக வயிற்றுவலியாம், குறையவே இல்லையாம். கை வேறு வலுவில்லாமல் போகிறது, குடத்தைத் தூக்க முடியவில்லை என்கிறது. வயதாகிறது. இந்தப் பிரச்சினைகள் முடிந்ததும் கூட்டிவந்து இங்கே ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

இருபத்திரண்டு.

டாக்டரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்த ஒரு மாதத்தில் வீட்டில் எதை மாற்றினீர்கள் என்று கேட்டார். ஈயச்சொம்பை எடுத்துவிட்டோம், மாமியாரும் ஊருக்குப் போய்விட்டார் என்றேன்.

"அவங்க போனப்புறம் சமையல் யாரு?"

"நான்தான்."

"குளிப்பாட்டுறது?"

"நான்தான் டாக்டர்."

அவர் எழுதிக்கொண்டார். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் எனக்கு ஆதரவாக ஒருவரும் இல்லை. நாற்பத்தைந்தைத் தொட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஜூலை 16, செவ்வாய்

பொம்மைகளை எல்லாம் மூட்டை கட்டி வெளியே வைத்தேன். சுவரைச் சுரண்டிப் பார்த்தேன். தண்ணீரில் தாளை நனைத்தேன், அரிசியில், பாலில் நனைத்தேன். எதிலும் நிறம் மாறவில்லை. அத்தையின் அறையில் புகுந்து அலமாரி, மரப்பெட்டி, மெத்தைக்கு அடி, எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுத் தேடினேன். போகும்போது எதையாவது வைத்துவிட்டுப் போயிருப்பாரோ என்று. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. தேடும்போது கூச்சமாக இல்லை.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். அத்தை போட்டுவிட்டுப் போன கரித்துணி ஒன்று கொடியின் மூலையில் இன்னும் கிடக்கிறது. வத்தல் மாவு கிளறிய அன்று அதில், அத்தை கடை மஞ்சள் போட்டுத் திரித்த பொடியில் வைத்த குழம்பு சிந்தி மஞ்சளாகியிருந்தது. இப்போது கறை போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் முகையின் துண்டு. மஞ்சள் அப்படியே இருக்கிறது.

மஞ்சளில் இருக்கும் நிறம் வெயில் தாங்காது. சோப்புப் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் வெளுக்கும். இதை நானே பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன்.

துண்டை மடித்துத் தனியாக வைத்தேன். இன்று முகைக்கு வெறும் சோறும் தயிரும்.

ஜூலை 17, புதன்

சும்மா, மனத்திருப்திக்காக.

அம்மாவின் மஞ்சளை ஒரு ஸ்பூன் டம்ளரில் போட்டு, கை கழுவும் ஸ்பிரிட்டை ஊற்றிக் கலக்கினேன். ஸ்பிரிட்டில் மஞ்சளின் நிறம் கரைந்துவிடும். வடித்துவிட்டு மறுபடி ஊற்றினேன். மறுபடி வடித்தேன். ஒரு பாட்டில் தீர்ந்துபோனது. நிறமெல்லாம் போனபின் அடியில் நிற்பது அழுக்கு வெள்ளையாக, ஊறிய மாவு போல இருக்க வேண்டும்.

வடித்த ஸ்பிரிட் தெளிவாகத்தான் வந்தது. அடியில் நின்றது மஞ்சள். பளீரென்ற மஞ்சள். கலக்கிவிட்டுப் பார்த்தால் மணல் மாதிரி உடனே அடியில் போய் விழுந்தது. மாவு இப்படி விழாது. கனமான ஏதோ ஒன்று.

நிறம் கூட்ட லெட் குரோமேட் என்ற காரீயச் சாயத்தைக் கலப்பார்கள். படித்திருக்கிறேன்.

என் சோதனையில் நான் வேண்டாம் என்று எடுத்து வைத்த ஒரே பொருள் மஞ்சள்தூள்.

ஜூலை 20, சனி

முகையை இவரிடம் விட்டுவிட்டு லேபுக்குப் போனேன். மஞ்சள் பாட்டிலும் மாத்திரை டப்பாவும்.

ரெஜினா எல்லாவற்றையும் தானே செய்தாள். நிறத்தை நீக்கி, ஆசிடில் கரைத்து, வடிகட்டி, புளிப்பை முறித்து, வரிசையாக வைத்தாள். அம்மாவின் மஞ்சள். அவள் வீட்டு மஞ்சள். பர்னரிலிருந்து சுரண்டிய துளிகள். கடைசியில் ப்ளாங்க்.

அம்மாவின் மஞ்சளில் நனைத்த தாள் வைத்த உடனே மாறியது. யாரிடமும் லைட்டாகத் தெரிகிறதா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. செங்கல். ரெஜினா வீட்டு மஞ்சளில் மாறவில்லை. சொம்பின் துளிகளில் மாறவில்லை. சுத்தமான வெள்ளீயம்.

பிறகு அவள் வெறும் தண்ணீரில் கொஞ்சம் அதிகமாகச் சோடா உப்பைப் போட்டு ஒரு தாளை நனைத்துக் காட்டினாள். ஆரஞ்சு. ஓரத்தில் நன்றாகத் தெரிந்தது. அன்று என் சமையலறையில் பார்த்த அதே நிறம்.

"ப்ளாங்க் போட்டேன்னு சொன்னியே இந்து" என்றாள்.

"போட்டேன். சரியாப் பாக்கல போல."

அவள் டியூபுகளைக் கழுவப் போய்விட்டாள்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். மஞ்சள் பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "அப்ப சொம்பு?" என்றார்.

"சொம்புல ஒண்ணும் இல்ல."

தலையாட்டினார். முகையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனவர் இருட்டியபிறகுதான் வந்தார்.

ஜூலை 21, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். மஞ்சள் எங்கே வாங்கியது என்று கேட்டேன். மண்டியில் வாங்கி அரைப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறதாம். வீட்டு வாசலுக்கே ஒருவன் வண்டியில் கொண்டுவருகிறான், நிறம் பார்த்தாலே தெரியும் எத்தனை ஒசத்தி என்று, பக்கத்து வீட்டுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறது. தினமும் முகத்துக்குப் பூசுகிறது, பாலில் போட்டுக் குடிக்கிறது. வயிற்றுவலிக்கும் அதையேதான் குடித்துக்கொண்டிருக்கிறது.

நிறுத்து அம்மா, ரத்தம் எடுத்துப் பார் என்றேன்.

"உன்ற மாமியா சொல்லிக் குடுத்தாளா?"

"அவங்க இங்க இல்லம்மா. நான்தான் டெஸ்ட் பண்ணினேன்."

"அன்னிக்குச் சொம்புல இருக்குதுன்னு உன்ற காயிதம் சொல்லுச்சு. இன்னிக்கு எம் மஞ்சள்ல இருக்குதுன்னு சொல்லுது. நாளைக்கு என்ற பால்லயே இருந்துச்சுன்னு சொல்லுவ நீ."

வைத்துவிட்டது. அதன்பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

இவர் ஒரு வாரமாகச் சாப்பாடு, தண்ணீர், வேலை தவிர வேறு எதையும் என்னிடம் பேசவில்லை. காலையில், "அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றார். முகையைத் தூக்கிக்கொண்டு மண்ணச்சநல்லூருக்குப் பஸ் ஏறினேன்.

நாத்தனார் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். முகை ஓடிப்போய் மடியில் விழுந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். சொம்பில் இல்லை, எங்கள் அம்மா அனுப்பிய மஞ்சளில் கலப்படம், இப்போது நிறுத்திவிட்டோம்.

அத்தை எழுந்துபோய்ச் சாமி அலமாரியிலிருந்து அந்தக் கட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இதையும் போட்டுப் பாத்துரு. பின்னாடி ஒரு பேச்சு வரக்கூடாது."

"பாத்தாச்சு அத்தை. அடுப்புல ஒட்டியிருந்ததைப் பாத்தேன். சுத்தமா இருக்கு."

"அது சுத்தம்னு எனக்குத் தெரியும். அது உருகுனது எப்படின்னுதான் எனக்குத் தெரியணும்."

"பாப்பா அழுதா. ஓடினேன். அதான்."

அத்தை மறுபடி உட்கார்ந்து கீரையை உருவத் தொடங்கினார்.

"இவ அன்னிக்கு எங்கூட மாடியில இருந்தா. மாவுக்குள்ள கைய விட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. நீ போட்ட சத்தத்துலதான் இவளத் தூக்கிக்கிட்டு எறங்குனேன்."

முகைக்குப் பசிக்கும் என்று பையைத் திறந்து கிண்ணத்தைத் தேடினேன். கிண்ணம் மேலேயேதான் இருந்தது.

கீரையை உருவி முடித்ததும், "உங்கம்மா அந்த மஞ்சள இன்னும் திங்கிறாங்களா?" என்று கேட்டார். ஆமாம், ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறது என்றேன். மகளின் ஃபோனை வாங்கி நம்பரைப் போடச் சொன்னார். அம்மா எடுத்தது.

"சம்பந்தி, அகிலாண்டம் பேசுறேன். என் சொம்பு சுத்தம்னு உங்க பொண்ணே வந்து சொல்லிட்டா. மஞ்சதான் வெசமாம். இல்லேன்னா ரத்தத்த எடுத்துக் காட்டுங்க. பயமா இருந்தா வேண்டாம். நான் இங்க நாலு பேருகிட்ட என்ன சொல்லணுமோ சொல்லிக்கிறேன்."

அந்தப் பக்கம் அம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அத்தை காதிலிருந்து ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முடியும்வரை காத்திருந்தார். பிறகு வைத்தார்.

"நாளைக்கே எடுத்து ஏம் மூஞ்சியில வீசுவாங்களாம். எடுப்பாங்க" என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காவேரிக்குப் போகவில்லை. தாலிக் கயிற்றை மாற்றவில்லை. கடைக் கயிற்றின் மஞ்சளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சாயங்காலம் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். லேப் ரிப்போர்ட். கூட ஒரு வார்த்தை இல்லை.

முப்பத்தாறு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அத்தையிடம் ஃபோனில் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். "போய்க் கூட்டிக்கிட்டு வா. தனியா எப்படிக் கெடப்பாங்க" என்றார். பிறகு, "வரும்போது எங்களுக்குன்னு எதையும் கட்டிக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லு" என்றார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

முகைக்குப் பதினாறு. இறங்குகிறது. டாக்டரம்மா முதல் தடவையாக அவள் கன்னத்தைத் தட்டினார். பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும், வளர்ச்சியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். போனது எவ்வளவு, திரும்பி வருவது எவ்வளவு என்று கேட்டேன். அதை எந்த டெஸ்டும் சொல்லாது என்றார்.

அம்மா இங்கேதான் இருக்கிறது, ஹாலில். அத்தையும் வந்துவிட்டார். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. முகை வழியாகத்தான் எல்லாப் பேச்சும். "உங்க ஆயாகிட்டச் சொல்லு, டி.வி. சத்தத்தக் குறைக்கணும்னு." "உங்க அப்பத்தாகிட்டச் சொல்லு கண்ணு, கொழம்புல உப்பே இல்லீன்னு." ஒன்றரை வயதை எட்டப்போகும், இன்னும் பேச்சு வராத குழந்தை நடுவில் உட்கார்ந்து இருவரையும் பார்த்துச் சிரிக்கிறது.

இவர் புதுச் சொம்பு வாங்கி வந்தார். பெட்டியைப் பிரிக்கும் முன்பே அத்தை, "மொதல்ல உன் காயிதத்தப் போட்டுப் பாரு" என்றார். போட்டேன். ப்ளாங்க்கும் போட்டேன். அத்தை பக்கத்திலேயே நின்று பார்த்தார். இரண்டு தாளும் ஒரே நிறம்.

ரசம் வைக்கும் வேலையை என்னிடமே விட்டிருக்கிறார். ஆனால் நான் சொம்பை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டால் போதும், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நிற்கிறார். தினமும். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்தான் கேட்கிறார்.

"தண்ணி ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன் அத்தை."

போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்.